கிளாஸ்கோவில் தப்பான நாற்காலி

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ போய்ச் சேர்ந்த முதல் ராத்திரியே உட்கார்ந்த இடத்திலிருந்து எழுப்பி விட்டார்கள். நவம்பர் மாதம். சாயங்காலம் நாலரைக்கெல்லாம் கும்மிருட்டு, விடாத தூறல். ஒதுங்க நுழைந்த பப்பில் நிற்கக்கூட இடமில்லை. ஆனால் கணப்புக்குப் பக்கத்தில் ஒரு மூலை மேசை மட்டும் காலி. இத்தனை கூட்டத்தில் அது ஏன் காலியாக இருக்கிறது என்று யோசித்திருக்க வேண்டும். ஈரக் குளிரில் புத்தி வேலை செய்யவில்லை, போய் உட்கார்ந்துவிட்டேன். ஐந்து நிமிடத்தில் ஃபிடில் பெட்டியோடு ஒரு பெரியவர் வந்து நின்றார். கோபமெல்லாம் இல்லை. பெட்டியைக் காட்டினார், நாற்காலியைக் காட்டினார், சிரித்தார். அது வாசிக்கிறவர்களின் மேசையாம்.

எழுந்து சுவரோரம் சாய்ந்துகொண்டேன். அரை மணியில் எட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். மூன்று ஃபிடில், புல்லாங்குழல், அக்கார்டியன், கிட்டார் என்று கையில் கிடைத்ததோடு வந்தவர்கள். மேடை இல்லை, மைக் இல்லை. வட்டமாக உட்கார்ந்து எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசித்தார்கள். இதைத்தான் அங்கே 'செஷன்' என்கிறார்கள். கச்சேரி என்று நினைத்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். அவர்கள் வாசிப்பது அவர்களுக்காக. நாம் கேட்பது நம் பாடு.

அவர்கள் வாசிப்பது ஜிக், ரீல் என்ற நடன மெட்டுகள். ஜிக் என்பது 'தகிட தகிட' என்று மூன்று மூன்றாக, திஸ்ரத்தில் ஓடும். ரீல் நாலு நாலாக, சதுஸ்ரம், இன்னும் வேகம். பெரும்பாலான மெட்டுகளுக்கு இரண்டே பகுதிகள்தான். ஒவ்வொன்றும் 8 பார் (ஒரு பார் என்பது ஒரு தாளக் கட்டம்), ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வாசித்தால் 32 பார், ஒரு சுற்று முடிந்தது. இரண்டு மூன்று சுற்று போனதும் யாராவது ஒருவர் புருவத்தைத் தூக்குவார். அடுத்த நொடி எட்டுப் பேரும் வேறு மெட்டுக்குத் தாவியிருப்பார்கள். எல்லோரும் வாசிப்பது ஒரே மெட்டைத்தான். ஆளாளுக்குச் சின்னச் சின்ன கமகம் மாறும், அவ்வளவே. தனி ஆவர்த்தனம் என்ற பேச்சே கிடையாது.

நான் போனது இதற்கு நேர் எதிரான ஒன்றைத் தேடி. ஃபெர்கஸ் மெக்ரீடி என்ற ஸ்காட்லாந்து பியானோக்காரரின் மூவர் குழு கொஞ்ச நாளாக என்னைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. அவர் பியானோ, டேவிட் பௌடன் டபுள் பேஸ், ஸ்டீஃபன் ஹென்டர்சன் டிரம்ஸ். பாட்டு இல்லை, வார்த்தை இல்லை. நாட்டார் மெட்டுகளின் வாசனையும் ஜாஸும் பிரிக்க முடியாமல் கலந்த இசை. 2018இல் வந்த முதல் ஆல்பத்துக்குப் பெயர் 'துரஸ்'. ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் பயணம் என்று அர்த்தம். 2022இல் வந்த 'ஃபாரஸ்ட் ஃப்ளோர்' அந்த வருடத்தின் சிறந்த ஸ்காட்லாந்து ஆல்பம் என்ற விருதை வாங்கியது, பிரிட்டன், அயர்லாந்து ஆல்பங்களுக்கான மெர்க்குரி பரிசின் இறுதிப் பட்டியலுக்கும் போனது. நான் போன வாரம் அந்த ஊரில் அவர்களுக்குக் கச்சேரி இல்லை. டிக்கெட் போடுவதற்கு முன்னால் பார்த்திருக்கலாம்தான். ஜனவரியில் வந்திருந்தால் 1994 முதல் நடக்கும் 'செல்டிக் கனெக்‌ஷன்ஸ்' இசை விழாவையாவது பார்த்திருக்கலாம். சரி, விடுங்கள்.

மறுநாள் குவீன் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் மேற்குக் கடற்கரை ஊரான மாலெய்க் போகும் ரயிலைப் பிடித்தேன். ஐந்து மணி நேரத்துக்கும் மேலான பயணம். ரானக் மூர் என்ற சதுப்பு நிலத்தை ரயில் கடக்கிறது; அங்கே தண்டவாளம் போட உறுதியான தரை கிடைக்காமல் குச்சி, வேர், மண் என்று கொட்டி அதன் மேல் பாதையை மிதக்க விட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் காதில் மெக்ரீடியின் 'கெய்ர்ன்' ஆல்பம். மலைப்பாதையில் வழிகாட்டக் குவித்து வைக்கும் கற்குவியலுக்குத்தான் கெய்ர்ன் என்று பெயர்.

ஜன்னல் வழியே பழுப்பு நிறப் புல்லைப் பார்த்துக்கொண்டே கேட்டபோதுதான் ஒன்று பிடிபட்டது. பல இடங்களில் பியானோவின் இடது கை ஆதார சுரத்தைப் பிடித்துக்கொண்டு நகர மறுக்கிறது. நாகஸ்வரத்துக்கு ஒத்து மாதிரி. பேக்பைப் கேட்டவர்களுக்கு இது புரியும். அதில் மூன்று குழல்கள் சுருதியை மட்டும் விடாமல் ஊதிக்கொண்டிருக்கும், மெட்டு வாசிக்கும் குழலில் மொத்தமே ஒன்பது சுரம், ஏறக்குறைய நம் ஹரிகாம்போதி ராகம். ஊத ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த முடியாது, சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. அதனால் ஒரே சுரத்தை இரண்டு தடவை வாசிக்க நடுவில் ஒரு பொடிச் சுரத்தைச் சொடுக்கித்தான் பிரித்துக் காட்ட வேண்டும். மெக்ரீடியின் வலது கையில் அந்தச் சொடுக்கு கேட்கிறது. பியானோவுக்கு அது தேவையே இல்லை என்பதுதான் வேடிக்கை.

கிளாஸ்கோவுக்குத் திரும்பியதும் ரென்ஃப்ரூ ஸ்ட்ரீட்டில் இருக்கும் ராயல் கன்சர்வடோயர் என்ற இசைக் கல்லூரியைப் போய்ப் பார்த்தேன். மெக்ரீடி படித்தது இங்கேதான். நாட்டார் இசைக்கு 1996இலேயே பட்டப்படிப்பு தொடங்கிவிட்டார்கள். ஜாஸுக்கு 2009இல், சாக்ஸஃபோன்காரர் டாமி ஸ்மித் தலைமையில். ஃபிடில் பிள்ளைகளும் டிரம்ஸ் பிள்ளைகளும் ஒரே கட்டடத்தில் படித்தால் என்ன நடக்குமோ அதுதான் இந்த ஊரில் நடந்திருக்கிறது. அதற்கும் முன்னோடிகள் உண்டு. 1981இல் டப்ளினில் தொடங்கிய மூவிங் ஹார்ட்ஸ் என்ற குழு அயர்லாந்து பேக்பைப்பையும் சாக்ஸஃபோனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியது. 1985இல் வந்த அவர்களின் 'தி ஸ்டார்ம்' முழுக்க வாத்திய இசை.

அன்று ராத்திரி ஒரு நிலவறைக் கிளப்பில் நாலு இளைஞர்கள். ஃபிடில், பியானோ, பேஸ், டிரம்ஸ். முதல் அரை மணி எனக்குப் பிடிக்கவில்லை. ஜிக்குக்கே ஒரு துள்ளல் உண்டு. அதன் மேல் டிரம்ஸ்காரர் ஸ்விங் என்ற ஜாஸ் துள்ளலையும் ஏற்றினார். ஒரே சைக்கிளை இரண்டு பேர் மிதித்தது போல மெட்டு தள்ளாடியது. பியானோ வேறு பாருக்குப் பார் புதுப் புது சுரக் கொத்து (chord) போட்டு மெட்டை மூச்சு முட்ட வைத்தது.

அப்புறம் ஒரு மெதுவான மெட்டு. பேஸ்காரர் வில்லை எடுத்து அடிச் சுருதியைப் பிடித்தார். பியானோ கை கட்டிக்கொண்டது. ஃபிடில்காரப் பெண் எதையும் கூட்டாமல் இரண்டு சுற்று வாசித்தாள். அதிலிருந்தே ஒரு ரீல் கிளம்பியது, இப்போது பியானோ தனியாகப் பறக்க ஆரம்பித்தது. விரல் விட்டு எண்ணினேன்: 32 பார். பழைய ஜாஸ் பாட்டுகளில் பாதிக்கு மேல் அதே 32 பார்தானே! வளைவுகள் வேறு, நீளம் ஒன்று. ஆகவே ரீலின் ஒரு சுற்று, பியானோவுக்கு அப்படியே ஒரு ஜாஸ் சுற்று. எவ்வளவு தூரம் போனாலும் வீடு எங்கே என்று அவருக்குத் தெரிந்திருந்தது, ஏனென்றால் கீழே பேஸ் அந்த ஒற்றைச் சுரத்தை விடவே இல்லை. பக்கத்தில் நின்றவர் பீர் கோப்பையை வாய் வரை கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார்.

கடைசி நாள் பழைய பப்புக்கே போனேன். இந்த முறை ஒழுங்காகச் சுவரோரம். வட்டத்தில் பெரியவருக்குப் பக்கத்தில் அதே பெண், அதே ஃபிடில். நிலவறையில் கேட்ட அந்த ரீலையும் வாசித்தார்கள். பியானோ பறந்த இடம் வந்தபோது நான் என்னையறியாமல் நிமிர்ந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. எல்லோரோடும் சேர்ந்து அதே மெட்டை மூன்றாவது சுற்றும் வாசித்தாள். பெரியவர் புருவத்தைத் தூக்கினார், அடுத்த மெட்டுக்குப் போய்விட்டார்கள்.