ஸ்டீலா டைட்டானியமா என்று கேட்கும் முன்

எலும்பு முறிந்து உள்ளே கம்பியோ பிளேட்டோ வைக்க வேண்டும் என்றதும் எல்லோரும் கேட்பது ஸ்டீலா டைட்டானியமா என்றுதான். வடிவத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் முக்கால்வாசி விஷயம் அங்கேதான் இருக்கிறது.

ஒரு பொருள் எவ்வளவு விறைப்பு என்று சொல்லும் யங் குணகத்தைப் பார்த்தால் ஸ்டீல் 190 ஜிகாபாஸ்கல் அளவில், டைட்டானியக் கலவை 110, கெட்டி எலும்பு 20-க்கு முன்னே பின்னே. ஆக டைட்டானியம் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், சரி. ஆனால் உருண்டைக் கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் படியில் ஏறுகிறது, 10 மி.மீ. கம்பியை 12 ஆக்கினாலே இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். அதாவது 12 மி.மீ. டைட்டானியக் கம்பி, 10 மி.மீ. ஸ்டீல் கம்பியை விட விறைப்பு! பிளேட்டில் தடிமன் இரட்டித்தால் எட்டு மடங்கு.

தொடை எலும்புக்குள் இறக்கும் நீளக் கம்பி, அதாவது நெயில், இன்னும் சுவாரசியம். 10 மி.மீ. கம்பியின் நடுவே 5 மி.மீ. துளை போட்டால் கால் பங்கு உலோகம் போகும், வளைவு விறைப்பு 6 சதவீதம்தான் குறையும். மெல்லிய குழாயில் நீளவாக்கில் ஒரு பிளவு விட்டால் கதையே வேறு: சுவர் 1 மி.மீ., சராசரி ஆரம் 5 மி.மீ. என்றால் முறுக்கு விறைப்பு சுமார் 75-ல் ஒரு பங்காகிவிடும். காகிதத்தைச் சுருட்டி, ஓரத்தை ஒட்டியும் ஒட்டாமலும் முறுக்கிப் பாருங்கள், புரியும். ஜெர்மன் அறுவை மருத்துவர் குண்ட்ஷரின் பழைய நெயிலில் இந்தப் பிளவு வேண்டுமென்றே வைத்தது, அமுங்கி உள்ளே போய் எலும்பைப் பிடித்துக்கொள்ள.

பிளேட்டில் ஸ்க்ரூ எங்கே போடுகிறார்கள் என்பதும் கணக்குதான். முறிவுக்குப் பக்கத்துத் துளைகளைக் காலியாக விட்டால் அதே பிளேட் இளகிவிடும், அந்தச் சின்ன அசைவில்தான் புது எலும்பு கூடும். அளவுக்கு மீறி இளகினாலும் கூடாது.

அப்புறம் இடுப்பு மூட்டுத் தண்டு, அதாவது செயற்கை மூட்டில் தொடை எலும்புக்குள் இறங்கும் உலோகப் பகுதி. தண்டு ரொம்ப விறைப்பாக இருந்தால் சுமையை அதுவே வாங்கிக்கொள்ளும், வேலை இல்லாத எலும்பு மெலியும் (வேலைக்கேற்ப எலும்பு மாறும் என்று ஜெர்மன் மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-லேயே எழுதிவிட்டார்). இதற்குத்தான் உலோகத்தைக் கடற்பஞ்சு போல நுண்துளையாக்குகிறார்கள்: அடர்த்தி பாதியானால் விறைப்பு ஏறக்குறைய கால் பங்கு. ஆனால் அந்த மெல்லிய இழைகள் சேரும் ஒவ்வொரு முடிச்சும் விரிசல் தொடங்க ஓர் இடம், நடக்கிற காலிலோ சுமை லட்சக்கணக்கான முறை ஏறி இறங்கும். அதனால்தான் பல தண்டுகளில் நுண்துளை மேற்பரப்போடு நின்றுவிடுகிறது, நடுவே இன்னும் கெட்டி உலோகம்தான்.