அவர் கேட்டதும் நான் சொன்னதும்

அன்றைக்கு நான் சொன்னது சரிதான் என்று எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டாயிற்று. ஆனாலும் அந்த அம்மாளின் கேள்வி என்னை விடவில்லை.

2024 கடைசியில் லண்டனில் இயக்குநர் ராபர்ட் ஐக்கின் 'ஈடிபஸ்' நாடகம் ஓடியபோது, அரங்கின் பின்கதவருகே நிற்பது என் வேலை. பண்டைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸின் மன்னன் ஈடிபஸ் இதில் தேர்தல் வேட்பாளர். பிரசார அலுவலகத்தில் குடும்பமே முடிவுக்காகக் காத்திருக்கிறது. மேடையில் டிஜிட்டல் கடிகாரம் ஒன்று பூஜ்யத்தை நோக்கி ஓடிக்கொண்டே இருக்கும். இடைவேளை கிடையாது.

சிறுமியாக இருந்தபோது முதல் கணவன் லேயஸ் தன்னைச் சீரழித்ததையும், பிறந்த பிள்ளையைப் பறிகொடுத்ததையும் ஈடிபஸின் மனைவி ஜொகாஸ்டா அவனிடம் சொல்லும் இடம். அப்போதுதான் அந்த அம்மாள் அரங்கிலிருந்து வெளியே வந்தார். ஐம்பது வயதிருக்கும். கோட்டைச் சுருட்டி நெஞ்சோடு அணைத்திருந்தார். தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை.

"அந்தக் கடிகாரம் முடியும்போது என்ன ஆகும்? சொல்லுங்க. உள்ளே போறதா வேண்டாமான்னு அப்புறம் பார்க்கிறேன்."

எச்சரிக்கையாக எதையும் சொல்லலாம், கதையைச் சொல்லக்கூடாது என்பது எங்களுக்குள் வழக்கம். நான் சொல்லிவிட்டேன்.

"அந்தக் குழந்தை சாகலை. ஈடிபஸ்தான் அது."

"அவங்களுக்குத் தெரிய வருமா?"

"வரும். அப்புறம் அவங்க உயிரோட இருக்க மாட்டாங்க."

கொஞ்ச நேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "சரி, போறேன்" என்றார். கதவைத் திறந்துவிட்டேன்.

அந்தக் காலத்தில் ஏதென்ஸில் இந்த நாடகத்தைப் பார்க்க உட்கார்ந்தவர்களுக்குக் கதை முன்பே தெரியும்: அறியாமலே தந்தை லேயஸைக் கொன்று, தாயையே மணந்தவன் ஈடிபஸ். யார் கொன்றான் என்று அறிய அவர்கள் வரவில்லை; அவன் அதை அறிகிற கணத்துக்காக வந்தார்கள். அப்படியென்றால் நான் எதையும் கெடுக்கவில்லை. அந்தப் பழைய பார்வையாளரின் நிலையில் அவரை வைத்தேன், அவ்வளவுதான்.

ஆனால் கதை தெரியாதவருக்கு அந்தக் கடிகாரம் தேர்தல் முடிவை மட்டும்தான் காட்டும். தெரிந்தவருக்கு ஒவ்வொரு நொடியும் ஜொகாஸ்டாவின் ஆயுளில் குறையும். மீதி நேரம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு உட்காரும்படி அவரை அனுப்பியது நான்தானே.

சோஃபக்ளீஸில் கிழட்டு இடையன் ஒருவன் வருவான். குழந்தை யாருடையது என்று அவனுக்குத் தெரியும். கேட்காதீர்கள் என்று மன்றாடுவான். கையை முறுக்கச் சொல்லி மிரட்டிய பிறகே வாய் திறப்பான். 'கொடியதைச் சொல்லும் விளிம்பில் நிற்கிறேன்' என்பான். 'நான் கேட்கும் விளிம்பில்; ஆனாலும் கேட்டே ஆகவேண்டும்' என்பான் ஈடிபஸ். என் கையை யாரும் முறுக்கவில்லை. ஆனால் இடையனிடம் கேட்டவனுக்கு விலகிப் போக வழி கிடையாது. இவருக்கு இருந்தது, அந்த வழி திறந்திருக்கும்போதே சொல்வதுதான் மரியாதை என்று நம்புகிறேன். ஜொகாஸ்டாவிடம் யாரும் அப்படி நடந்துகொள்ளவில்லை.

இதை நம்புகிறவன், சில வாரம் கழித்து இன்னொருவர் அதே இடத்தில் வெளியே வந்து அதையே கேட்டபோது, சொல்லவில்லை. இளைஞர்; கண் கலங்கியிருக்கவில்லை. "உள்ளே போய்ப் பாருங்க" என்றேன். அவரும் போனார். இருவரில் யாருக்கு நான் நல்லது செய்தேன் என்று சக ஊழியரிடம் கேட்டேன். முதலாமவருக்கு என்றார் அவர், யோசிக்காமல். எனக்கு அவ்வளவு சுலபமாகச் சொல்ல வரவில்லை.