கொல்லிமலைக்குப் பாதி வழி

காவிரிப் படுகையில் பிறந்தவனுக்கு மேடு என்றால் ஆற்றங்கரை. அதைவிட உயரமாக எதையாவது பார்க்க வேண்டுமானால் தஞ்சாவூர் போய்ப் பெரிய கோயில் விமானத்தை அண்ணாந்து பார்க்கலாம், 216 அடி. மலை என்று நாங்கள் ஏறியதெல்லாம் சுவாமிமலைதான். அதுவும் கட்டுமலை. தமிழ் வருஷத்துக்கு ஒன்றாக 60 படி. பிரபவ, விபவ என்று சொல்லிக்கொண்டே ஏறினால் அட்சய வந்ததும் முருகன் சந்நிதி. மூச்சுக்கூட வாங்காது.

இந்த லட்சணத்தில் இருந்த பதினொன்றாம் வகுப்புச் சாரணர்களைக் கொல்லிமலைக்கு நடத்தியே கூட்டிப்போவதென்று பி.டி. சார் முடிவு செய்தார். அதுவும் மார்கழியில், அடைமழை முழுசாக ஓயாத நேரத்தில். பஸ்ஸில் போனால் 70 கொண்டை ஊசி வளைவு. அதை மலை ஏறியதாகவே ஒத்துக்கொள்ள முடியாது என்பது சாரின் கட்சி. அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு திருச்சி, துறையூர் வழியாகப் புளியஞ்சோலை போய் இறங்கினோம். அங்கிருந்து அய்யாற்றை ஒட்டி ஒற்றையடிப் பாதை மேலே போகிறது.

இங்கே பிரிட்டனில் நம் சங்கத்தின் குளிர்கால மலைநடைக்கு இவ்வருடம் பெயர் கொடுத்தவர்கள் மழைக்கென்று என்னென்னவோ வாங்குகிறார்கள். எங்களிடம் இருந்தது யூரியா சாக்கு. ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் தள்ளித் தலையில் கவிழ்த்தால் கொங்காணி. நடவுக்குப் போகிறவர்கள் போடுவதுதான். முதுகில் ஒரு பொட்டுத் தண்ணீர் இறங்காது. சார் இன்னொன்றும் கட்டாயமாகச் சொல்லியிருந்தார்: ஒரு சட்டை பிளாஸ்டிக் பைக்குள் காய்ந்தபடியே இருக்க வேண்டும், நின்று சாப்பிடும்போதுதான் அதை எடுக்க வேண்டும். பருத்தித் துணி நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், ஏறும்போது தெரியாது, நின்றால்தான் பல் கிட்டும். விலை உயர்ந்த ஜாக்கெட் வாங்கியவர்களும் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

சேற்றில் எங்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்ற திமிரோடுதான் ஏறினோம். வழுக்குகிற வரப்பில் கால் கட்டைவிரலை மண்ணில் ஊன்றிக்கொண்டு, தலையில் நாற்றுக்கட்டோடு போகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். பாறையில் அந்த வித்தை செல்லவில்லை. பாசி படிந்த கல்லில் விரலை எங்கே ஊன்றுவது? செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தோம், பிறகு நாலு காலில் தவழ்ந்தோம். கெண்டைக்கால் கல்லாக இறுகியது. சமதரையில் நாள் பூராவும் நடக்கிற கால், ஏற்றத்தில் அரை மணி நேரத்தில் கெஞ்ச ஆரம்பித்துவிட்டது.

பாதை முதல் தடவையாக ஆற்றைக் கடக்கும் இடத்துக்கு வந்தோம். முழங்கால் தண்ணீர், அடியில் கிடக்கிற கூழாங்கல் தெரிகிற தெளிவு. தூறலும் விட்டிருந்தது. சார் முதலில் இறங்கி ஆழம் பார்த்தார். அப்போதுதான் எங்களோடு வந்த 'மதகு' கத்தினான். ஊர் வாய்க்காலில் மடை திறந்து அடைக்கிறவர் வீட்டுப் பையன், அதனால் அந்தப் பட்டப்பெயர்.

"சார், காலை எடுங்க. புதுத்தண்ணி வருது."

"மழையே விட்டுடுச்சேடா?"

"இங்க விட்டுடுச்சு சார். மேல விடலை."

அவன் காட்டிய இடத்தில் ஒரு முழ அகலத்துக்கு நுரை. அதற்குள் சருகு, சுள்ளி, கிழிந்த பச்சை இலைகள். ஜூன் 12 மேட்டூர் திறந்து, சில நாள் கழித்து நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் எட்டும்போது இப்படித்தான் நுரையும் செத்தையும் முன்னால் ஓடிவரும். அதோடு பந்தயம் விட்டு ஓடாத பையன் படுகையில் கிடையாது. எல்லாரும்தான் பார்த்திருந்தோம். மலையில் வைத்து அதை அடையாளம் கண்டவன் அவன் ஒருவன்.

சார் பாய்ந்து கரையேறினார். ஒரு செருப்பு போய்விட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியது, கற்கள் முழுகின, அடியில் பாறை உருளும் சத்தம் கடமுடவென்று கேட்டது. எதிர்க்கரையில் வாழைத்தாரோடு இறங்கிவந்த மலைக்காரப் பெரியவர் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார், தாரை இறக்கிவைத்தார், குந்தி உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். அவசரமே இல்லாத மனுஷர். பாதை மேலே இன்னும் பலமுறை ஆற்றைக் கடக்கிறது. கடந்துவிட்டிருந்தால் இரண்டு துறைகளுக்கு நடுவே ராத்திரி முழுக்க மாட்டியிருப்போம் என்றார் சார். அந்தப் பாறையிலேயே காய்ந்த சட்டையை மாட்டிக்கொண்டு புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். பிறகு இறக்கம். முழங்கால் பட்ட பாட்டை எழுதாமல் விடுகிறேன்.

பின்னாளில் அந்த 70 வளைவையும் பஸ்ஸில் சுற்றிப் போய் அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, ஆயிரத்துச் சொச்சம் படி இறங்கி ஆகாய கங்கையையும் பார்த்தேன். சுமார் 300 அடியிலிருந்து விழுகிறது. சார் செருப்பைக் கொண்டுபோன தண்ணீர் இதுதான். பிரிட்டனின் மிக உயரமான மலையான பென் நெவிஸ் 1,345 மீட்டர் என்று இங்கே பெருமையாகச் சொல்கிறார்கள். கொல்லிமலையின் உயரமும் ஏறத்தாழ அவ்வளவுதான், ஆனால் அங்கே மேலே ஊர், வயல், சந்தை எல்லாம் உண்டு.

மதகு ஊரில்தான் இருக்கிறான். கடைமடைக்குத் தண்ணீர் சரியாக ஏறவில்லை என்று போன மாதம் போனில் அரை மணி நேரம் பொருமினான். சங்க மலரில் உன்னைப் பற்றி எழுதட்டுமா என்றேன்.

"எழுது, எழுது. ஆனா அந்தச் செருப்புக்குச் சார் திரும்புற வழி முழுக்க என்னையத்தான் திட்டினாரு, அதையும் சேர்த்து எழுது."