உம்மாவும் பைஅத் பள்ளியும்

ஜனவரி 9, வியாழன்

உம்மாவுக்கு ஜுரம் இறங்கவில்லை. சுபுஹை உட்கார்ந்தே தொழுதார். கஞ்சி இரண்டு வாய், அவ்வளவுதான்.

ஜனவரி 10, வெள்ளி

ஜும்ஆவுக்கு மக்காவின் பெரிய பள்ளிவாசலான ஹரமுக்குப் போகவில்லை, அறையிலேயே லுஹர். கண்ணை மூடிக்கொண்டே உம்மா, "அந்தப் பள்ளிக்குக் கூட்டிட்டுப் போகலியே புள்ள" என்கிறார். எந்தப் பள்ளி என்று கேட்கத் தேவையில்லை: பைஅத் பள்ளி, நபி (ஸல்) அவர்களைக் காப்பதாக மதீனாக்காரர்கள் பைஅத், அதாவது உறுதிமொழி, தந்த இடத்தில் இருக்கும் பள்ளிவாசல். ஜியாரத் பஸ்ஸில் அரஃபா, முஸ்தலிஃபா எல்லாம் காட்டினார்கள், அங்கே மட்டும் நிறுத்தவில்லை.

இரவு தூக்கம் வராமல் அந்தக் கதையையே நினைத்துக்கொண்டிருந்தேன். 622, ஹஜ் நாட்கள். யத்ரிபிலிருந்து, அதாவது பிறகு மதீனா ஆன ஊரிலிருந்து, வந்த கூட்டத்தில் இன்னும் இஸ்லாத்துக்கு வராதவர்களும் இருந்தார்கள். அவர்கள் தூங்கட்டும் என்று படுத்திருந்து, இரவில் மூன்றில் ஒரு பங்கு கழிந்ததும் ஒருவர் இருவராக நழுவி மினாவின் அகபா கணவாய்க்கு வந்து சேர்ந்தவர்கள் 73 ஆண்கள், 2 பெண்கள். நுஸைபா பின்த் கஅப், அஸ்மா பின்த் அம்ர். அந்த இருட்டில் எப்படி நடந்திருப்பார்கள், யார் முன்னால் போனது? உம்மா சின்ன வயதில் எங்களுக்குச் சொல்லும்போது நுஸைபாவைப் பக்கத்துவீட்டுக்காரர் போலச் சொல்வார்.

ஜனவரி 11, சனி

102.

ஜனவரி 12, ஞாயிறு

உம்மாவே போகச் சொன்னார், போட்டோ எடுத்துட்டு வா என்று. குரூப்பில் வந்த காயல்பட்டினத்து மாமி கூட இருக்கிறேன் என்றதால் டாக்சி பிடித்தேன். ஹஜ் காலமில்லாத மினாவில் ஆள் அரவமே இல்லை, வரிசை வரிசையாகக் காலிக் கூடாரங்கள். ஹாஜிகள் ஷைத்தானுக்குக் கல்லெறியும் ஜமராத் பாலத்துக்கு அந்தப் பக்கம், இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றும் அளவுக்குச் சின்னப் பள்ளி. மலையிடுக்கில் மறைந்து கிடந்ததாம், ஜமராத்தைப் பெரிதாக்க மலையை வெட்டியதில் இப்போது வெட்டவெளியில் நிற்கிறது. கூரையில்லாத முற்றம், தடித்த சுவர். கதவு பூட்டியிருந்தது. காரை பெயர்ந்த இடத்தில் உள்ளே கருங்கற்கள் தெரிந்தன, தொட்டுப் பார்த்தேன், வெயிலில் சுட்டது.

கட்டியது அப்பாஸியக் கலீஃபா அபூ ஜஅஃபர் அல் மன்சூர், ஹிஜ்ரி 144. ஏன் இந்த இடத்தை அவர் தேடிப் பிடித்தார் என்பது எனக்குப் புரிகிறது. அகபாவில் அன்றிரவு நபி (ஸல்) அவர்களுடன் வந்து முதலில் பேசியவர் அவர்களுடைய சிறிய தந்தை அப்பாஸ். அப்போது அவர் இஸ்லாத்துக்கே வரவில்லை. காப்பாற்ற முடியும் என்றால் கூட்டிப் போங்கள், முடியாதென்றால் இப்போதே விட்டுவிடுங்கள் என்கிற மாதிரி கறாராகப் பேசினார். அந்த அப்பாஸ், மன்சூரின் கொள்ளுப்பாட்டனுக்குத் தகப்பன். நல்ல காரியம்தான், கொஞ்சம் குடும்பப் பெருமையும் கலந்த நல்ல காரியம். உம்மாவிடம் இதைச் சொன்னால் திட்டு விழும்.

ஆண்கள் கை கொடுத்து உறுதிமொழி தந்தார்கள், பெண்கள் இருவரிடமும் வாய்ச்சொல்லே போதும் என்று ஏற்றுக்கொண்டார்கள். அதே நுஸைபாதான் பிறகு உஹத் போரில் வாளேந்தி நின்று தோளில் வெட்டு வாங்கியவர். உறுதிமொழிக்குப் பின் மூன்று மாதத்தில் ஹிஜ்ரத், நபி (ஸல்) மதீனாவுக்குப் புறப்பட்டது. இந்த இடத்தில் அந்தப் பேச்சு நடக்காவிட்டால் மதீனா ஏது?

ஜனவரி 13, திங்கள்

மூச்சு வாங்குகிறது. ஆஸ்பத்திரி.

ஜனவரி 14, செவ்வாய்

வராண்டாவில் நாற்காலி கூட இல்லை. அகபாவுக்கு வந்த அந்த 73 பேரில் ஒருவரான பராஉ பின் மஅரூர் ஞாபகமாகவே இருக்கிறது. மற்றவர்கள் ஜெருசலேமின் பைத்துல் முகத்தஸ் பக்கம் தொழுதுகொண்டிருந்தபோது, வழியெல்லாம் கஅபாவை நோக்கியே தொழுதுவந்தவர். முதலில் கை நீட்டியவர் அவர்தான் என்றும் சொல்வார்கள். நபி (ஸல்) மதீனா வந்து சேர்வதற்கு ஒரு மாதம் முன்பே மவுத்தாகிவிட்டார். இதை ஏன் இப்போது நினைக்கிறேன். நினைக்கக் கூடாது. தம்பி போன் அடித்துக்கொண்டே இருக்கிறான், என்ன சொல்ல?

நுஸைபா எந்தச் செருப்பு போட்டிருப்பார்?

ஜனவரி 15, புதன்

நிமோனியாவாம். மருந்து ஏற்றுகிறார்கள். போட்டோவைக் காட்டினேன், பெரிதாக்கிப் பார்த்தார்.

"உள்ள போகலியா?"

"பூட்டியிருந்துச்சும்மா."

"யாருகிட்டயாச்சும் சாவி கேட்டியா?"

கேட்கவில்லை. அதற்கு ஒரு சண்டை, ஆக்ஸிஜன் குழாயோடு. அப்புறம் பசிக்கிறது என்றார். டிக்கெட்டைத் தள்ளிப்போட வேண்டும், தம்பியிடம் பாஸ்போர்ட் நகல் கேட்டிருக்கிறேன்.