ஆர்ச்சுக்கு முன்னால் நிற்கவிருந்த ஐவர்

ஆஸ்டினின் ஊற்றுக் குளமான பார்ட்டன் ஸ்பிரிங்ஸ் தண்ணீரில் இறங்கியதும் உடம்பு சிலிர்த்தது. வெளியே வெயில் கொளுத்தியது. ஊற்றுத் தண்ணீர் மட்டும் வருஷம் முழுக்க 20, 21 டிகிரிதான்.

கரைப் புல்லில் பொடியன்கள் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் நம் டெக்சஸ் பல்கலைக்கழக அணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் ஆர்ச் மேனிங் ஆக வேண்டும்! கடைசியில் ஒரு குட்டிப் பையன் குனிந்து, கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் தள்ளிவிட்டு, எதிரே வந்தவனை மறித்து நின்றான். பந்து எங்கே போனது என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

2025 கோடை முழுக்க எனக்கும், வீசுபவருக்கு முன்னால் மறித்து நிற்கும் அந்த இடத்தைப் பற்றித்தான் யோசனை.

ஆர்ச் நன்றாக வீசுவார், சந்தேகமே இல்லை. ஆனால் குவார்ட்டர்பேக்கைக் காத்து நின்ற ஐவரில் கெல்வின் பேங்க்ஸ் உட்பட நால்வர் அணியை விட்டுப் போய்விட்டிருந்தார்கள். மிச்சம் இருந்தது டி.ஜே. கேம்பல் ஒருவர்தான்.

அந்த ஜனவரியில் காட்டன் பௌல் ஆட்டத்தில் என்ன நடந்தது? ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் ஜாக் சாயர் நம் அப்போதைய குவார்ட்டர்பேக்கிடம் பந்தைத் தட்டிப் பறித்து 83 கஜம் ஓடினார். 28-14 என்று தோற்றோம். இன்னும் வலிக்கிறது.

ஆகஸ்ட் 30 அன்று அதே ஒஹாயோ ஸ்டேட்டுடன், அவர்கள் ஊரான கொலம்பஸில் ஆட்டம் இருந்தது. புது ஐவரும் அதற்குள் ஒன்றாகப் பழகிவிட்டால் ஜெயிப்பது நாம்தான் என்று நினைத்துக்கொண்டேன். நம் அணி ரசிகர்களின் முழக்கம்போல, ஹூக் எம்!