க்ளூனி பேசாத படம்

ஹாலிவுட் நடிகர் ஜார்ஜ் க்ளூனி என்றால் எனக்கு அவ்வளவு பிடிக்கும். 'தி அமெரிக்கன்' (2010) படத்தை இரண்டாம் முறையும் உட்கார்ந்து பார்த்தது அதனால்தான். முதல் தடவை ஏதோ உறுத்தியது, என்னவென்று பிடிபடவில்லை.

படமாக்கத்தில் குறை சொல்ல மாட்டேன். இயக்குநர் ஆன்டன் கார்பைன் முதலில் புகைப்படக்காரர். இத்தாலியின் அப்ரூஸ்ஸோ மலையூர்களில் ஆளில்லாத கல் சந்துகளை அப்படியே நிறுத்திக் காட்டுகிறார். ஆயுதம் செய்துகொடுக்கும் ஒருவன் அங்கே ஒளிந்து வாழ்கிறான், யாரோ அவனைத் தேடுகிறார்கள். மற்றதெல்லாம் காத்திருப்பு. எனக்கு அந்த நிதானம் பிடித்தே இருந்தது.

ஆனால் தொடக்கத்தையே பாருங்கள். ஸ்வீடனில் பனி மூடிய ஏரி. தன்னோடு இருந்த பெண்ணையே அவன் சுட்டுவிடுகிறான். அந்த நொடியில் அவனைக் கண்டு பயம் வந்திருக்க வேண்டும். எனக்கோ, 'பாவம், என்ன கட்டாயமோ' என்றுதான் தோன்றியது. சுட்டது க்ளூனி என்பதால் மன்னித்துவிட்டேன். பயம் போன பிறகு அந்தக் காத்திருப்பில் என்ன இருக்கிறது?

துப்பாக்கி செய்யும் காட்சிகளில் மட்டும் முழுதாக நம்பினேன். அங்கே கேமரா கைகளைப் பார்க்கிறது. முகத்துக்கு ஏறியதும் நட்சத்திரம் வந்துவிடுகிறார்.

அழகுதான் இடைஞ்சல் என்றும் சொல்ல முடியாது. 'லெ சமுராய்' (1967) படத்தில் அலன் டெலான் இவரைவிட அழகர், அதிலும் பேச்சு குறைவுதான். ஆனால் டெலானின் முகம் கதவைச் சாத்திக்கொள்ளும். க்ளூனியின் முகம் சும்மா இருந்தாலும் 'வாங்க, உட்காருங்க' என்கிறது. 'ஓஷன்ஸ் லெவன்' படத்தில் பிராட் பிட் வாயே திறக்காமல் இருக்க, இவரே கேட்டு, இவரே பதில் சொல்லி, கொள்ளைக் கூட்டத்தில் இன்னொரு ஆளைச் சேர்க்க முடிவெடுப்பாரே, அதுதான் க்ளூனி. எதிரே ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும், க்ளூனியின் பேச்சு களைகட்டிவிடும். 'தி அமெரிக்கன்' அந்தப் பேச்சைத்தான் பறித்துக்கொண்டது.

மௌனம் அவருக்கு வராது என்பதும் இல்லை. 'மைக்கேல் கிளேட்டன்' (2007) முடிவில் டாக்ஸியில் ஏறி, ஐம்பது டாலருக்கு ஓட்டச் சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். பெயர்கள் ஓடும், அந்த முகத்தைவிட்டு என்னால் கண்ணை எடுக்க முடியாது. படம் முழுக்க அடுத்தவர் சிக்கல்களைப் பேசிப் பேசியே தீர்த்த ஆள் அவர். இனி பேச ஒன்றுமில்லை என்று உட்கார்ந்திருப்பது நமக்குப் புரியும். அப்ரூஸ்ஸோவில் ஒளிந்திருப்பவன் எதைப் பேசி ஓய்ந்தான் என்று நமக்குக் கடைசிவரை தெரிவதில்லை.