நியூபோர்ட்டில் ஆரோன் லோபஸைத் தேடி

அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் இருக்கும் நியூபோர்ட்டில், யூதர்களின் டூரோ ஜெப ஆலயத்தை முதலில் பார்த்தபோது கோணலாகக் கட்டிவிட்டார்களோ என்றுதான் தோன்றியது. தெருவில் மற்ற வீடுகளெல்லாம் ஒரே வரிசையில் இருக்க, இது மட்டும் உடம்பைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது. யூத வேதமான தோராவின் சுருள்கள் உள்ள பேழை ஜெருசலேமைப் பார்த்து, கிழக்கே அமைய வேண்டும். அதற்காகத்தான் இந்தத் திருப்பம். 1763இல் திறந்தது. அமெரிக்காவில் இன்றும் நிற்கிற யூத ஆலயங்களில் இதுவே மிகப் பழையது.

வெளியே எளிமையான செங்கல் கட்டடம். உள்ளே போனால் கண் விரிகிறது. மேல்மாடத்தைத் தாங்கும் 12 தூண்களும் இஸ்ரவேலின் 12 கோத்திரங்களுக்காக. ஒவ்வொன்றும் ஒரே மரம். நான் நெடுநேரம் அவற்றின் கீழேயே நின்றேன்.

இதற்கு மூலைக்கல் வைத்தவர்களில் ஒருவர் ஆரோன் லோபஸ். போர்ச்சுகலின் லிஸ்பனில் பிறந்தவர், உள்ளுக்குள் யூதர், வெளிப்பார்வைக்குக் கிறிஸ்தவர், அப்போது பெயர் துவார்த்தே. 1752இல் மனைவி, மகளோடு இங்கே வந்த பிறகுதான் ஆரோன் ஆனார். அதே மனைவியை யூத முறைப்படி மறுபடியும் மணந்தார். திமிங்கிலத்தின் தலையிலிருந்து எடுக்கும் மெழுகில் மெழுகுவர்த்தி செய்து விற்றார். அப்புறம் கப்பல்கள். 1770களில் ஊரிலேயே அதிக வரி கட்டியவர் அவர்தான்.

ஆனால் 1762இல் அவர் குடியுரிமை கேட்டபோது ரோட் ஐலண்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஏழு வருடம் வாழ்ந்த யூதருக்குக் குடியுரிமை தரலாம் என்று பிரிட்டிஷ் சட்டம் இருந்தும், இது கிறிஸ்தவர்களுக்கான குடியேற்றம், ஏற்கெனவே ஆட்கள் நிறைந்துவிட்டார்கள் என்று காரணம் சொன்னார்கள். மதச் சுதந்திரத்துக்காகவே தொடங்கிய ஊர் இது! அதே வருடம் பக்கத்து மாசசூசெட்ஸில் போய் வாங்கிக்கொண்டார். அவர் வரியை வாங்கிய ஊர் அவரைத் தன் குடிமகன் என்று சொல்லவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதற்காக அவரை முழுக்கக் கொண்டாடவும் மனம் வரவில்லை. அவர் கப்பல்களில் சில ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களை ஏற்றி வந்து விற்றன. நியூபோர்ட்டின் அடிமை வணிகம் பெரும்பாலும் கிறிஸ்தவ வணிகர்கள் கையில் இருந்தது என்பது உண்மை. யூதர்கள் அதில் சிறு பங்குதான். லோபஸ் அந்தப் பங்கில் இருந்தார்.

அமெரிக்க விடுதலைப் போரில், 1776இல் பிரிட்டிஷ் படை ஊரைப் பிடித்தபோது குடும்பம் மாசசூசெட்ஸின் லெஸ்டருக்குப் போய்விட்டது. 1782இல் நியூபோர்ட்டுக்குத் திரும்பும் வழியில், குதிரைக்குத் தண்ணீர் காட்டப்போன குளத்தில் வண்டியோடு மூழ்கி இறந்தார். ஆலயத்திலிருந்து சில நிமிட நடையில், மேட்டின் மேல், யூத மயானத்தில் இருக்கிறார். 1677லேயே வாங்கிய நிலம். வாசல் பூட்டியிருந்தது, கம்பிகளுக்கு வெளியே நின்றுதான் பார்த்தேன்.

அங்கிருந்து ஃபேர்வெல் தெருவுக்கு நடந்தேன். 'காட்ஸ் லிட்டில் ஏக்கர்' என்ற பகுதியில் ஆப்பிரிக்க அடிமைகளையும் விடுதலையானவர்களையும் புதைத்திருக்கிறார்கள். பாம்ப் ஸ்டீவன்ஸ் என்ற அடிமைக் கல்தச்சர் 1768இல் இறந்த தன் சகோதரன் கஃபிக்காக இந்த மயானத்துக்குச் செதுக்கிய கல்லில், அதைச் செதுக்கியது தான்தான் என்று தன் பெயரையும் வெட்டிவைத்தார்.